நிரம்பிய வட்டுக்கு இடம் கூட்டுவது எப்படி?

பிராஜெக்ட் வேலை நடக்கும்போது திரையில் "டிஸ்க் ஃபுல்" என்று வந்தால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடு" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. அது தேவையே இல்லை. லினக்ஸ் மெய்நிகர் கணினியில், உள்ளே இருப்பதை அழிக்காமலே இடத்தைக் கூட்டலாம். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். ஊர் எம். புதுப்பட்டி. அம்மா பட்டாசு ஆலையில் குரோஸ் கணக்குக்குக் கூலி வாங்குபவர். அன்றாடம் செய்த குரோஸையும் வர வேண்டிய கூலியையும் தமிழிலேயே பதிந்து கூட்டிச் சொல்லும் புரோகிராம்தான் என் பிராஜெக்ட். எங்கள் தெருப் பெண்கள் நோட்டில் எழுதி வைத்திருந்த ஏழு மாதக் கணக்கு அதில் ஏறியிருக்கிறது. அது போனால் போனதுதான்.

இதை நான் செய்வது, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெரியம்மா மகன் அண்ணன் வாங்கிய பழைய மடிக்கணினியில். அதில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் பாஸ் லினக்ஸை ஓட்டுகிறேன். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே கீழே சொல்வது டெபியனுக்கும் பொருந்தும்.

மெய்நிகர் கணினியின் வட்டு என்பது உண்மையில் நம் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு. அதில் மூன்று அடுக்கு உண்டு. நம்ம ஊர் பட்டாசுக் கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம்தான் வட்டு. அதைச் சுற்றிய வேலி பார்ட்டிஷன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எழுதிய கணக்குப் புத்தகம் ஃபைல் சிஸ்டம். பக்கத்து நிலத்தை வாங்கினால் மட்டும் போதுமா? வேலியை நகர்த்தணும், புத்தகத்திலும் ஏற்றணும். பலர் முதல் அடுக்கோடு நின்றுவிட்டு, "20 ஜிபியை 40 ஆக்கியும் பழைய அளவே காட்டுது" என்று தவிப்பது இதனால்தான்.

இனி செய்முறை. (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடவும்.)

1. முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுங்கள். இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகவே கூடாது.

2. வட்டு முழுக்க நிரம்பியிருந்தால் பின்வரும் கருவிகளே ஓடாது. "ஆப்ட் கிளீன்" கொடுத்துக் கொஞ்சம் இடம் விடுவித்து, குரோபார்ட் கருவி அடங்கிய "கிளவுட் கெஸ்ட் யுடில்ஸ்" தொகுப்பை நிறுவுங்கள்.

3. மெய்நிகர் கணினியை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். பிறகு விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் வட்டின் அளவைக் கூட்டுங்கள். நிலம் வாங்கியாச்சு.

4. மறுபடி இயக்கி "எல்.எஸ்.பி.எல்.கே." கொடுத்தால் எஸ்.டி.ஏ. 40 ஜிபி என்றும், எஸ்.டி.ஏ.1 பழைய அளவிலும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எஸ்.டி.ஏ.5 என்ற ஸ்வாப் குறுக்கே நிற்கலாம். வேலியை நகர்த்த விடாமல் நடுவே கிடக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. "ஸ்வாப் ஆஃப்" கொடுத்து அதை நிறுத்தி, எஃப்-டிஸ்க்கில் 5-ஐயும், அதைச் சுற்றியுள்ள எஸ்.டி.ஏ.2-ஐயும் நீக்குங்கள். எண்ணை இருமுறை பாருங்கள். 1-ஐத் தொடவே வேண்டாம்.

5. குரோபார்ட் கட்டளையில் வட்டின் பெயருக்கும் 1 என்ற எண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வேண்டும். வேலி நகர்ந்துவிடும்.

6. "ரீசைஸ்2எஃப்எஸ்" கட்டளையை எஸ்.டி.ஏ.1-க்குக் கொடுங்கள். ஈ.எக்ஸ்.டி.4 ஃபைல் சிஸ்டம், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே விரியும். "டி.எஃப்." கொடுத்துப் பார்த்தால் புது அளவு தெரியும்.

7. நீக்கிய ஸ்வாப்புக்குப் பதில் ஒரு ஸ்வாப் கோப்பு உருவாக்கி, எஃப்.எஸ்.டேப் கோப்பில் பழைய வரியை மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இல்லாத ஸ்வாப்பைத் தேடி 90 விநாடி காத்து நிற்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். கூட்டும்போது வெளியிலிருந்து உள்ளே: நிலம், வேலி, புத்தகம். குறைக்கும்போது உள்ளிருந்து வெளியே. உள்ளே சரக்கு இருக்க வேலியைச் சுருக்கினால் சரக்கு வேலிக்கு வெளியே போய்விடும், தரவு நாசம். இந்த ஒரு விதி புரிந்தால் கட்டளைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இதற்கு ஒரு பைசா செலவில்லை. புது ஹார்ட் டிஸ்க் வாங்க வீட்டில் காசு கேட்கத் தயங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. செய்து பாருங்கள் நண்பர்களே! எங்காவது சிக்கினால், மூன்றாமாண்டு கணினித் துறை வகுப்புக்கு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.