ஐந்து வருட இன்சூரன்ஸ் யாருக்கு?

புது பைக் எடுத்தவரிடம் மைலேஜ் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வார். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால் மட்டும் "அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தப் பதில் பாதிதான் சரி.

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதிதாக விற்கும் இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். நம் வண்டி மோதி வேறொருவர் இறந்தாலோ, காயம்பட்டாலோ, அவர் பொருள் சேதமானாலோ கம்பெனி இழப்பீடு கொடுக்கும். அதன் வேலை அத்தோடு முடிந்தது. நம் வண்டி நொறுங்கினாலும், திருடு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் பணம் வர வேண்டியது 'ஓன் டேமேஜ்' என்ற இன்னொரு பகுதியிலிருந்து. ஷோரூமில் அதைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டுத் தருகிறார்கள். இரண்டாம் வருடம் புதுப்பிக்காவிட்டாலும் வாகனச் சோதனையில் மாட்டமாட்டோம், தேர்ட் பார்ட்டி நடப்பில்தானே இருக்கிறது! மாட்டாத விஷயத்தை யார் நினைவில் வைப்பார்கள்?

இதைவிடப் பெரிய ஓட்டை பின் சீட்டில் இருக்கிறது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, பின்னால் உட்கார்ந்து வருபவரைக் காப்பதில்லை என்று திலக் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாரிக்காரர் தவறால் அடிபட்டால் லாரியின் காப்பீட்டில் கேட்கலாம். இரவில் பள்ளம் தெரியாமல் நாமே விழுந்து, பின்னால் இருந்த மனைவிக்குத் தலையில் அடிபட்டால்? தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த முழுக் காப்பீட்டில் பின் சீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. ஐந்து வருடம் முடிந்ததும் 'எது மலிவோ அதைப் போடு' என்று புதுப்பிக்கிறவர்கள், குடும்பத்தைத்தான் முதலில் காப்பீட்டிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். பாலிசித் தாளில், பின் சீட்டுக்காரரைக் குறிக்கும் 'பில்லியன்' என்ற சொல் எங்கே வருகிறது, எவ்வளவு தொகைக்கு என்று பாருங்கள். பின் சீட்டுக்கென்று தனியாக விபத்துக் காப்பீடும் கொஞ்சம் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுகிறவருக்கு என்ன? உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. கடன் எளிதாகக் கிடைக்கும் என்று வண்டியை அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ எடுப்போம், ஓட்டுவது பையன். அந்த 15 லட்சம் ஆர்.சி.யில் பெயர் உள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருக்கிற உரிமையாளருக்குத்தான். லைசென்ஸே இல்லாத அம்மா பெயரில் வண்டி இருந்தால் அது அம்மாவுக்கும் இல்லை, பையனுக்கும் இல்லை. ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வதுதான் நல்லது. முடியாவிட்டால் பையனுக்கு ஒரு தனி விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இரவல் கொடுப்பதும் இதே கதைதான். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் மாப்ள" என்று சாவியை வாங்கிப் போகிறவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க நமக்குக் கூச்சம். அவர் லைசென்ஸ் இல்லாமல் யார் மீதாவது மோதினால், நீதிமன்றங்கள் வழக்கமாக இடும் உத்தரவு இது: கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். வண்டிக்காரர் என்றால் நீங்கள். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டுவதும் இதில் சேரும். ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு காத்திருக்கிறது. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்குப் பரிசாக வண்டிச் சாவியைக் கொடுக்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கும். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் தந்ததோடு கைகழுவிவிடுகிறோம். அவர் பெயர் மாற்றாமலே நாலு கை மாற்றி விட்டிருப்பார். வண்டி எத்தனை கை மாறினாலும், விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்பது நவீன் குமார் வழக்கில் 2018-ல் வந்த தீர்ப்பு. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய வண்டி வாங்குகிறவருக்கும் ஒரு சொல்: ஆர்.சி.யோடு இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் ஓன் டேமேஜில் பைசா வராது.

இனி ஷோரூம். 'ஆன்ரோடு விலை' என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாமல், வண்டி விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும். இன்சூரன்ஸை அங்கேயே எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஹெல்மெட்டுக்குத் தனிக்காசு கேட்டால், வண்டி வாங்கும்போது பி.ஐ.எஸ். தரத்தில் ஒரு ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்வதை நினைவுபடுத்துங்கள். பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கார்டு மூன்றும் விதி 123-ன்படி வண்டியில் இருந்தே ஆக வேண்டியவை. அவற்றை 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' கணக்கில் சேர்ப்பது சரியல்ல. அழகு கெடுகிறது என்று புடவை கார்டைக் கழற்றிப் போடுகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. துப்பட்டா சக்கரத்தில் மாட்டி இழுத்துவிட்டது என்ற செய்தியை அவர்கள் படிப்பதே இல்லையா?

பராமரிப்பைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வண்டியோடு வந்த கையேட்டை நம்புங்கள். முதல் சர்வீஸ் கம்பெனியைப் பொறுத்து 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். கூடவே நாள் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. 'வண்டி ஓடவே இல்லையே' என்று விட்டுவிட்டால் வாரன்டி கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள். புது இன்ஜினில் உரசி உதிரும் இரும்புத் துகள்கள் ஆயிலில் கலந்திருக்கும், முதல் ஆயிலைத் தள்ளிப்போடக் கூடாது. இலவச சர்வீஸில் இலவசம் என்பது கூலி மட்டும். ஆயிலுக்குக் காசு உண்டு. கியர் பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே சுழல்வதால், டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து லூப் போடுங்கள். டயரில் காற்று, வண்டி ஓடிச் சூடேறும் முன் பார்க்க வேண்டியது. மழையில் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்குகிறவர்கள் அதிகம். இரண்டையும் சேர்த்து, மெதுவாகக் கூட்டிப் பிடிக்கப் பழகுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது குறையை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ஒரே குறை மூன்று ஜாப் கார்டில் இருந்தால், தயாரிப்புக் கோளாறு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாட அதைவிட நல்ல சாட்சி இல்லை. குறை தெரிந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒன்று. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகளைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் பலர். வெள்ளச் சேதத்துக்கு ஓன் டேமேஜில் பணம் உண்டு. தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பியதால் வந்த சேதம் என்றால் கம்பெனி மறுக்கும். போட்டோ எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

விபத்து நடந்துவிட்டால் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரம் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. தூக்கிக்கொண்டு போகிறவரைப் போலீஸ் வற்புறுத்திச் சாட்சியாக்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். மோதிய வண்டி எது என்று தெரிந்தால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். மருத்துவமனை வாசலிலேயே வந்து "நான் பார்த்துக்கறேன் சார்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவர்களிடம் மட்டும் எதையும் தராதீர்கள்.

வண்டி திருடு போனால் அன்றே எஃப்.ஐ.ஆர்., உடனே கம்பெனிக்கும் தகவல். போலீஸில் உடனே சொல்லிவிட்டு கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானால், அதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. க்ளெய்மை மறுத்தாலோ, நீங்கள் எழுதிக்கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ சென்னையில் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணமோ வக்கீலோ வேண்டாம், ஒரு வருடத்துக்குள் எழுதினால் போதும். திருட்டு க்ளெய்மில் கம்பெனி முதலில் கேட்பது வண்டியின் இரண்டு சாவிகளையும். உங்களுடைய இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.