படுக்கும் முன் ஐந்து நிமிடம்

உடல் களைத்திருக்கிறது. கண் எரிகிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஏன்?

மனம் ஓயவில்லை. ரேஷன் வாங்க வேண்டும். கூலி பாக்கியைக் கேட்க வேண்டும். கடன் கட்ட வேண்டும். மறந்துவிடுவோமோ என்று மனம் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இதற்கு எழுத்து உதவும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் 57 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் படுக்கும் முன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் முடித்த வேலைகளை எழுதினார்கள். முதல் பிரிவினர் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவில் தூங்கினார்கள். "கடன்" என்று மட்டும் எழுதினால் போதாது. "திங்கட்கிழமை வங்கியில் 500 ரூபாய் கட்ட வேண்டும்" என்று எழுதலாம். எழுத்துப் பிழை வந்தால் என்ன? படிக்கப் போவது எழுதியவர்தானே!

மாதக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.