உங்களுக்குத் தெரியுமா? ஸ்பானியல் சாப்பாட்டில் ஒரு வரிச்சலுகை
பிரிட்டனில் செல்ல நாய் உணவுக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. வேலை நாய்களுக்கென்றே விற்கப்படும் உணவுக்குக் கிடையாது. அதனால் ‘வேலை நாய்’ என்று அச்சிட்ட மூட்டைகள் அங்கே ஏராளம். அந்த முத்திரையை நம்பி, சத்து கூடுதல் என்று வாங்கிவிடக் கூடாது. பின்பக்கம் கொழுப்பின் அளவைப் பாருங்கள். வேட்டைக்காக நாள் முழுக்கப் புதருக்குள் புகுந்து ஃபெசன்ட் பறவைகளைக் கிளப்பும் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் நாய்க்குக் கொழுப்புதான் முக்கிய எரிபொருள். கிராமுக்குக் கிராம், மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல். இங்கிலாந்தில் அந்த வேட்டைப் பருவம் பிப்ரவரி 1-இல் முடிகிறது. பிறகும் அதே அளவு போட்டால் நாய் பெருத்துவிடும் (காலித் தட்டருகே நின்று அது பார்க்கும் பார்வைக்கு இளகாதவர் யார்?). அடர்ந்த முடி உடம்பை மறைக்கும். அதனால் கையால் தொட்டுப் பாருங்கள்; லேசாகத் தடவினாலே விலா எலும்பு கையில் தட்டுப்பட்டால் அளவு சரி.