க்ரீம் ஏன் வழிகிறது?

எதிர் வீட்டுப் பெண் டீ குடிக்க வந்து உட்கார்ந்தாள், டம்ளரைத் தொடவே இல்லை. முந்தின நாள் அவள் மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள். ராத்திரி கண்விழித்து அவளே கேக் செய்திருந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் க்ரீம் ரோஜாக்கள் எல்லாம் சரிந்து தட்டுக்கு வந்துவிட்டன. “என் கைராசி அவ்வளவுதான்க்கா” என்றாள்.

கையில் ஒரு குறையும் இல்லைம்மா, இது மே மாதத்துச் சென்னை என்றேன். வீட்டில் கேக் செய்யும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

க்ரீமை அடிக்கும்போது உள்ளே காற்றுக் குமிழிகள் புகுகின்றன. அதிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கொழுப்பு ஓரளவாவது இறுகியிருந்தால்தான் சுவர் நிற்கும். பால் கொழுப்போ 35 டிகிரிக்குள் ஏறக்குறைய முழுக்க உருகிவிடும். ஃபேன் ஓடும் கூடத்திலேயே மே மாதச் சாயங்காலம் 33, 34 டிகிரி இருக்கும்போது ரோஜா எப்படி நிற்கும்?

க்ரீம் வாங்கும்போதே கவனம் வேண்டும். சமையலுக்கு விற்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவுதான். எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. 35 சதவீதம் இருந்தால் நல்லது. பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடிக்க வேண்டும். முதலில் நுரை. பிறகு கம்பி போன தடம் அழியாமல் நிற்கும். கம்பியைத் தூக்கினால் நுனி கிளி மூக்குபோல வளையும். இன்னும் சில சுற்றில் நிமிர்ந்து நிற்கும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் அடித்தால் மணல் மணலாகித் தண்ணீர் பிரியும். மோர் கடைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெண்ணெய் திரள்கிற நேரம்.

“பட்டர் க்ரீம் போட்டிருந்தால்?” என்று கேட்டாள். ஐசிங் சுகரும் வெண்ணெயும் குழைத்தது இந்த வெயிலில் க்ரீம் கதைதான். இத்தாலிய முறை கொஞ்சம் தாங்கும். அடித்த முட்டை வெள்ளைக்கருவில் கொதிக்கும் சர்க்கரைப் பாகை நூலாக ஊற்றி, அடித்துக்கொண்டே ஆறவைத்து, அப்புறம் வெண்ணெய் சேர்ப்பார்கள். பாகின் சூட்டில் வெள்ளைக்கரு வெந்து நுரை உறுதிப்படும். அந்தப் பாகுக்கு 115 டிகிரி சூடு வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். தெர்மாமீட்டர் இல்லையே என்று தயங்க வேண்டாம். அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டி, மெத்தென்று உருண்டு வருகிறதா என்று பாட்டி பார்ப்பாரே, ஏறக்குறைய அதே பதம்தான். தீபாவளிக்கு அதிரசம் சுட்ட கை இதையும் செய்யும். என்றாலும் வெண்ணெய் வெண்ணெய்தான். இதைக் கார்த்திகை, மார்கழிப் பிறந்தநாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோடைக்கு நான் நம்புவது கனாஷ். 400 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 200 கிராம் க்ரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளவென்று சேரும். இதற்கு 25 சதவீத க்ரீமே போதும். ஒரு ராத்திரி மூடிவைத்தால் நிலக்கடலை வெண்ணெய்போல இறுகும். கத்தியால் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓடுபோல நிற்கும். கொக்கோ வெண்ணெயும் 34 டிகிரி வாக்கில் உருகுவதுதான். ஆனால் அடித்த க்ரீம்போல காற்றை நம்பி நிற்கும் சுவர் இதில் இல்லை. அதனால் இளகினாலும் சட்டென்று சரியாது. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் போர்வை போட்ட கேக்கைச் சில்லென்ற ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நம் ஈரக் காற்றில் வைத்தால் சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். அதனால் அதை நான் தொடுவதில்லை.

“பையன் வெள்ளைப் பூதான் கேட்கிறான்க்கா.”

அடுத்த வருஷம் கேக்குக்கு கனாஷ் தடவிவிடு. பூவுக்கு மட்டும் க்ரீமை அடித்துப் பைப்பிங் பையோடு ஃப்ரிட்ஜில் வை. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றும்போது பையை வெளியே எடு. ஐந்து பூ போதும், அவன் உட்காரும் பக்கமாகப் பிழி.