குப்பியின் மேல் ஒரு சதுரம்

போலியோ சொட்டு மருந்து வெப்பத்தைத் தாங்காது. தொழிற்சாலையிலிருந்து கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை அது குளிரிலேயே பயணம் செய்ய வேண்டும். வழியில் மின்சாரம் நின்றாலோ, பெட்டியிலுள்ள பனிக்கட்டி கரைந்தாலோ வீரியம் குறையும். வீரியம் இழந்த மருந்தோ பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும்! தாய் நம்பிக்கையோடு குழந்தையை ஏந்தி நிற்பாள், சொட்டு விழும், பயன் இராது.

இதற்காகவே 1996-ஆம் ஆண்டு முதல் சொட்டு மருந்துக் குப்பிகளில் ஓர் அடையாளம் ஒட்டப்படுகிறது. ஊதா வட்டம், அதன் நடுவே வெளிர்நிறச் சதுரம். சதுரத்திலுள்ள டைஅசெட்டிலீன் வகைச் சேர்மம் வெப்பம் பட்டுப் பாலிமராக மாறிக் கறுத்துக்கொண்டே வரும். வெப்பநிலை உயர்ந்தால் வினையின் வேகமும் உயரும் என்று நாம் மனப்பாடம் செய்யும் அர்ரேனியஸ் சமன்பாடு இங்கே ஊழியம் செய்கிறது! மீண்டும் குளிரில் வைத்தாலும் கறுத்த நிறம் வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைக் கொடுக்கலாகாது. எழுத்தறியாத என் பாட்டிகூட ஒருமுறை காட்டினால் புரிந்துகொள்வார்.

இன்று நம் நாட்டின் 'ஈவின்' திட்டத்தில் மின்னணு உணர்விகள் குளிர்பதனப் பெட்டிகளின் வெப்பநிலையை அளந்து செய்தி அனுப்புகின்றன. சிறந்த ஏற்பாடுதான். ஆனால் பெட்டியை விட்டு வெளியேறிய குப்பி வெயிலில் பட்ட பாட்டை அந்தச் சதுரமே அறியும்.

அதற்கும் ஒரு குறை உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும்; சதுரமோ வெளுத்தே இருக்கும். ஐயம் எழுந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பி ஒன்றுடன் சேர்த்துக் குலுக்கி, எதில் வண்டல் விரைவாகப் படிகிறது என்று பார்க்கிறார்கள்.