பண்டிகைக் கேக்கும் பிறர் மனச்சாட்சியும்

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னரே நம் சபைக் குடும்பங்கள் சிலவற்றில் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் ரம்மிலோ பிராந்தியிலோ ஊறத் தொடங்கிவிடுகின்றன. பின்னர் அக்கேக்கின் துண்டுகள் சபையாருக்கும் அயலகத்தாருக்கும் பகிரப்படுகின்றன. பெறுவோரில் இரட்சணிய சேனையைச் சேர்ந்தோர் உண்டு. இஸ்லாமிய அண்டை வீட்டார் உண்டு. குடியினின்று அரும்பாடுபட்டு மீண்டோரும் உண்டு.

“வேகும்போது ஆவியாகிவிடுமே” என்பதே இதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் விடை. இது பாதி உண்மையே. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்குமாயினும், நீரோடு கலந்திருக்கையில் முற்றிலும் நீங்குவதில்லை. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, சமைக்கும் முறைக்கேற்ப 5 முதல் 85 விழுக்காடு வரை அது உணவில் எஞ்சியதைக் கண்டது. அந்நாட்டு வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து ஒரு மணி நேரம் வெந்தபின் கால் பங்கும், இரண்டரை மணி நேரத்திற்குப்பின் 5 விழுக்காடும் எஞ்சும். வெந்து ஆறிய கேக்கின்மேல் கரண்டியால் பிராந்தி ஊற்றி வைப்போருக்கோ இக்கணக்கே பொருந்தாது. அது அடுப்பையே காணாத மது.

ஒரு துண்டினால் வெறி உண்டாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கேள்வி அதுவன்று. மீண்டவருக்கு அந்த வாசனையே பழைய வேட்கையை எழுப்பக்கூடும். டைசல்பிராம் மருந்து உட்கொள்வோருக்குச் சிறிதளவு மதுவும் வாந்தியையும் நெஞ்சுப் படபடப்பையும் வருவிக்கலாம்.

அப்போஸ்தலனாகிய பவுல் 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில், பரிமாறப்பட்டதை விசாரியாமல் உண்ண இடங்கொடுக்கிறார். அது படைக்கப்பட்டது என ஒருவன் அறிவித்தாலோ உண்ணவேண்டாம் என்கிறார். இப்பகுதியைப் போதிக்கையில் நாம் உண்பவனையே நோக்குகிறோம். அறிவிக்கிறவன் ஒருவன் அங்கு நிற்பதைக் கவனிப்பதில்லை. ஊறவைத்தவர் வாய் திறவாவிடில் உண்பவர் எதைக்கொண்டு தீர்மானிப்பார்? ரோமர் 14:21 இறைச்சியோடு மதுவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது இல்லத்திலிருந்தே இத்தகைய தட்டொன்று, குடியை விட்டு எட்டு மாதமான சகோதரர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றது. மாலையில் அவர் மனைவியார் அதைத் திரும்பக் கொணர்ந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் வைத்துச் சென்றார். அன்று காலை நாம் ஆற்றிய அருளுரை எதைப் பற்றியது என்பது இன்று நினைவில்லை; அந்தத் தட்டு நினைவிலிருக்கிறது.

இப்பொழுது எம் வீட்டில் பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறுகின்றன. அக்கேக் நெடுநாள் தாங்காது. தாங்கும்வரை விட்டுவைப்பாரும் இல்லை. ரம்மை விட மனமில்லாதோர் இரண்டு விதமாகச் சுட்டுத் தனித்தனி டப்பாக்களில் வைக்கலாம். அதுவும் இயலாதெனில், தட்டை நீட்டும்போதே “இதில் ரம் சேர்த்திருக்கிறோம்” என்று சொல்லிவிடலாம்.