உங்களுக்குத் தெரியுமா? அடுக்கும் மூலமும்

7²⁰²⁶-இன் கடைசி இலக்கம் என்ன? குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. 7-இன் அடுக்குகள் 7, 9, 3, 1 என முடிந்து மறுபடி 7-க்கே வரும். 2026-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. வரிசையில் இரண்டாவது 9, அதுவே விடை. மீதி பூஜ்ஜியம் வந்தால் வரிசையின் கடைசி எண்ணை எடுக்க வேண்டும். வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

2³⁰ பெரிதா, 3²⁰ பெரிதா? இரண்டையும் அடுக்கு 10-க்குக் கொண்டுவாருங்கள். 8¹⁰, 9¹⁰. முடிந்தது.

175616-இன் கனமூலத்தைப் பேனா எடுக்காமலே சொல்லலாம். கன எண்களின் கடைசி இலக்கத்தில் 2-உம் 8-உம் இடம் மாறிக்கொள்ளும். 3-உம் 7-உம் அதேபோல் இடம் மாறும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஒன்றாம் இடம் 6. கடைசி மூன்று இலக்கங்களை மறைத்தால் மிச்சம் 175. அது 5-இன் கனமான 125-க்கும் 6-இன் கனமான 216-க்கும் நடுவில் நிற்கிறது. சிறியதை எடுங்கள்: 56. கொடுத்த எண் முழுக் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வித்தை கூசாமல் பொய் சொல்லும்.

(−3)² என்றால் 9. அடைப்பை எடுத்துவிட்டால், −3² என்பது −9. √16-க்கு விடை 4 மட்டுமே. ‘எந்த எண்ணின் வர்க்கம் 16?’ என்று கேட்டால்தான் −4-உம் சேரும்.

√ குறி 1525-இல் ஜெர்மன் மொழியில் வந்த கிறிஸ்டோஃப் ருடால்ஃபின் இயற்கணித நூலில் அச்சேறியது. அடுக்கைச் சின்ன எண்ணாகத் தலைமேல் ஏற்றும் வழக்கத்தை 1637-இல் பரப்பியவர் டெக்கார்ட். வேடிக்கை என்னவென்றால், வர்க்கத்துக்கு மட்டும் அவர் பெரும்பாலும் எழுத்தை இரண்டு தடவை எழுதிவிடுவார்.

√(12+√(12+√(12+…))) முடிவில்லாமல் போனாலும் விடை 4. 12 = 3×4. அடுத்தடுத்த எண்களின் பெருக்கலாக இருந்தால், கூட்டலுக்குப் பெரியது, கழித்தலுக்குச் சிறியது. காரணம் எளிது: 4-இன் வர்க்கம் 12+4.

1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜன் கேட்ட √(1+2√(1+3√(1+…)))-க்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, உள்ளே எண் மாறிக்கொண்டே போகிறதே! விடை 3. எப்படி? 3 = √(1+2×4). அந்த 4 = √(1+3×5). அந்த 5 = √(1+4×6)...